பெரிய இடத்தில் வாங்கிவிட்டால் போதுமா?

நிறுவனங்களின் ஐ.டி. பிரிவில் இருப்பவர்களைப் பற்றி நிர்வாகத்தினரிடம் ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது. இவர்கள் எப்போதும் வெண்டரைக் குறை சொல்பவர்கள், தங்கள் குறையை மறைக்க அடுத்தவர்மேல் பழியைப் போடுபவர்கள் என்பது அதன் முதல் பாதி. பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கி ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டுவிட்டால் அதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை, காசு கொடுக்கிறோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது மறுபாதி. முதலாளிகள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஆடிட்டர் சொல்கிறார், கன்சல்டன்ட் சொல்கிறார், பர்ச்சேஸ் மேனேஜர் சொல்கிறார். டெண்டர் எழுதுகிறவர்கள் இதை விதியாகவே ஆக்கிவிட்டார்கள். விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடிக்குமேல் இருக்க வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே வந்துவிடும். நாளைக்கு உங்களை விட்டு விலக நேர்ந்தால் எங்கள் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்ற கேள்வி கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது.

சர்வர் அறையிலும் வெண்டர் மீட்டிங்குகளிலும் உழைப்புக் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடும்போது நம் ஆபத்து அவர்கள் கைக்குப் போவதில்லை. அந்த ஆபத்தைச் சமாளிக்கத் தேவையான அறிவும் அதிகாரமும்தான் போகின்றன. ஆபத்து, கையெழுத்திட்ட நாளில் இருந்த இடத்திலேயே, அதாவது வாங்கியவரிடமே இருக்கிறது. இதைச் சொல்லும் ஐ.டி. ஊழியரைப் புலம்புகிறவர் என்று ஒதுக்குவது பல நிறுவனங்களுக்குப் பெரும் நஷ்டமாக முடிந்திருக்கிறது. சில இடங்களில் அது மனித உயிர்களையும் கேட்டிருக்கிறது.

கணினித் துறையில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் ஒரு பேச்சு உண்டு: ஐ.பி.எம். வாங்கியதற்காக யாருக்கும் வேலை போனதில்லை. இதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்பவர்கள் அது எதைப் பற்றிப் பேசுகிறது என்று கவனிப்பதே இல்லை. வாங்கிய இயந்திரம் ஒழுங்காக ஓடும் என்று அது சொல்லவில்லை. வாங்கியவரின் நாற்காலி பத்திரமாக இருக்கும் என்று மட்டுமே சொல்கிறது. நிறுவனத்தின் நலனுக்காக எடுக்க வேண்டிய முடிவைத் தன் தற்காப்புக்காக எடுக்கச் சொல்லும் வாக்கு அது. அந்தத் தற்காப்பும் இன்று கிடையாது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. அந்த அமைப்பை உருவாக்கி நடத்தும் வேலை, அதன் அப்போதைய ஸ்பானியத் தாய்நிறுவனமான சபாடெல் வங்கியின் கணினி நிறுவனமான சாபிஸிடம் இருந்தது. மாற்றம் நடந்ததும் சுமார் 19 லட்சம் பேரால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அதோடு விடவில்லை. 2023 ஏப்ரலில் அந்த வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விழுந்தது. சப்ளையர் உண்மையிலேயே தயாராக இருக்கிறாரா என்று உறுதிப்படுத்த அவர் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதே அவர்மேல் சொல்லப்பட்ட குறை. ‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று இருந்ததற்கான தண்டனை அது.

பெரிய பெயர் என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு நம் காலத்தின் ஆகப் பெரிய மறுப்பு 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் சாதாரண நிறுவனம் அல்ல. கணினிப் பாதுகாப்புத் துறையின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. அதன் ஃபால்கன் மென்பொருள் விண்டோஸ் இயங்குதளத்தின் மிக ஆழமான அடுக்கான கெர்னலில் அமர்ந்து வேலை செய்கிறது. இந்திய நேரப்படி அன்று காலை 9.39 மணிக்கு அந்த நிறுவனம் ஒரு சிறு உள்ளடக்கக் கோப்பை உலகம் முழுவதும் அனுப்பியது. அந்தக் கோப்பு எதிர்பார்த்தது 21 உள்ளீடுகளை. ஃபால்கன் நிரல் கொடுத்தது 20 உள்ளீடுகளை. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போன கணினிகள் நீலத் திரையில் நின்றன. மறுபடி எழுந்தால் மறுபடி விழுந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டபடி 85 லட்சம் கணினிகள். விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள், தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாம் ஒரே காலையில் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அனுப்பிய நிறுவனம் 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏற்கெனவே விழுந்த கணினிகளுக்கு அதனால் பயனில்லை. ஒவ்வொரு கணினியின் முன்பும் ஓர் ஆள் போய் நின்று, சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க மீட்புச் சாவியை அடிக்க வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் விழுந்துகிடந்த இடங்களில் என்ன நிலைமை என்று இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வார இறுதியில் தூங்காமல் வேலை செய்தவர்கள் யார்? வெண்டரின் விற்பனை அதிகாரிகள் இல்லை. வாங்கிய நிறுவனங்களின் ஐ.டி. ஊழியர்கள், எதற்கெடுத்தாலும் குறை சொல்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்.

இந்தச் சம்பவத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. கவனமான நிர்வாகிகள் பலர் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தவுடன் ஏற்றாமல், ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும்படி அமைத்து வைத்திருந்தார்கள். பிறர் அனுபவத்தில் பிழை தெரிந்துவிடட்டும், பிறகு நாம் ஏற்றலாம் என்ற நியாயமான எச்சரிக்கை அது. அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. உள்ளடக்கக் கோப்புகள் வேறு வழியாக, யாரையும் கேட்காமல், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருந்தன. தன் வீட்டுக் கதவைப் பூட்டிவைத்தவருக்கும் திறந்துவைத்தவருக்கும் அன்று ஒரே கதிதான். அந்தக் கோப்புகளை எப்போது, எந்தக் கணினிகளில் ஏற்றுவது என்று தீர்மானிக்கும் வசதி, பேரிடர் நடந்த பிறகே வாடிக்கையாளர்களுக்குத் தரப்பட்டது. தொழில்நுட்ப ரீதியில் முன்பே தந்திருக்கக்கூடிய வசதி. கேட்கும் அதிகாரம் வாங்கியவரிடம் இல்லாததால் கிடைக்கவில்லை.

சரி, இவ்வளவு பெரிய தவறு நடந்தால் நஷ்டத்தை அவர்கள் ஈடுகட்டுவார்களே, அதற்குத்தானே ஒப்பந்தம் என்று கேட்பார்கள். டெல்டா விமான நிறுவனம் அந்த வாரத்தில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. தன் இழப்பு 50 கோடி டாலர் என்றது. கிரவுட்ஸ்ட்ரைக்கின் வழக்கறிஞர்கள் எழுதிய பதிலில், ஒப்பந்தப்படி தங்கள் பொறுப்பின் உச்ச வரம்பு ஒற்றை இலக்க மில்லியன்களைத் தாண்டாது என்று சுட்டிக்காட்டினார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

இது அந்த ஒரு நிறுவனத்தின் தனிப் பழக்கமில்லை. உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும் எந்த மென்பொருள் ஒப்பந்தத்தை வேண்டுமானாலும் எடுத்துப் படியுங்கள். கடந்த 12 மாதங்களில் நீங்கள் கட்டிய தொகைக்குமேல் இழப்பீடு கேட்க முடியாது என்று ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். தரவு இழப்பு, வியாபார இழப்பு, லாப இழப்பு போன்ற மறைமுக நஷ்டங்களுக்குப் பொறுப்பில்லை என்று இன்னொரு பிரிவு. மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை என்று மற்றொன்று. விற்பனைக்கு வரும்போது ‘உங்கள் வியாபாரமே இனி எங்கள் பொறுப்பு’ என்கிறார்கள். கையெழுத்துக்கு வரும் காகிதம் அந்தப் பொறுப்பை வரிவரியாக விலக்குகிறது. இரண்டில் நீதிமன்றத்தில் செல்லுபடியாவது காகிதம்தான்.

ஒப்பந்தம் காப்பாற்றும் என்று நம்பிய ஓர் அரசாங்கத்தின் கதையையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறைக்குச் சம்பளப் பட்டுவாடா மென்பொருள் அமைக்கும் வேலை ஐ.பி.எம். நிறுவனத்திடம் போனது. 2010 மார்ச்சில் அது செயல்பாட்டுக்கு வந்தது. சுமார் 80,000 ஊழியர்கள் இருந்த துறையில் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சம்பளம் குறைவாக வந்தது, கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. தொடக்கத்தில் சில மில்லியன் டாலருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வேலை அது. அந்த அமைப்பைச் சரிசெய்து நடத்த ஆகும் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்டது. மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது, பிறகு வழக்கும் போட்டது. 2015 டிசம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஐ.பி.எம்.முக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காரணம், 2010இல் பிரச்சினையின் நடுவில் இரு தரப்பும் போட்டுக்கொண்ட ஒரு துணை ஒப்பந்தம். அதில் அரசு தன் உரிமைக் கோரிக்கைகளை விட்டுக்கொடுத்திருந்தது. ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? அந்த அமைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் வெண்டரிடம் இருந்தார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த மாதச் சம்பளம் எப்படிப் போகும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. அறிவு வெளியே போனபின் பேரம் பேசும் வலிமையும் போய்விடும்.

நம் நாட்டுக்கு வருவோம். வருமான வரித் துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7 அன்று தொடங்கப்பட்டது. 2019இல் இன்ஃபோசிஸுக்குக் கொடுக்கப்பட்ட, ரூ.4,242 கோடி மதிப்பிலான ஒப்பந்தம் அது. தொடங்கிய நாளிலிருந்தே உள்ளே நுழைய முடியாமலும், படிவங்கள் ஏறாமலும், பழைய கணக்குகள் தெரியாமலும் வரி கட்டுபவர்களும் பட்டயக் கணக்காளர்களும் பட்ட பாட்டை அப்போதைய செய்திகளைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் தளம் முழுதாகவே நின்றுபோனது. ஆகஸ்ட் 23 அன்று அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை ஒன்றிய நிதியமைச்சர் நேரில் அழைத்து விளக்கம் கேட்டார். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. ஒன்றிய அரசுக்கே அமைச்சர் நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய நிலைமை வந்தது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவருக்கும், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவருக்கும், மதுரையில் நாற்பது படுக்கை மருத்துவமனை நடத்துபவருக்கும் பெரிய நிறுவனம் எந்த வரிசையில் இடம் கொடுக்கும் என்று அவரவரே எண்ணிப்பார்க்கட்டும்.

பெரிய கம்பெனியில் வாங்கினால் நல்ல சப்போர்ட் கிடைக்கும் என்பது அடுத்த வாதம். சப்போர்ட் என்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பில்லைப் பாஸ் செய்பவர்களுக்குத் தெரிவதில்லை. சேவைத் தர ஒப்பந்தமான எஸ்.எல்.ஏ.வில் ‘15 நிமிடத்தில் பதில்’ என்று போட்டிருக்கும். அது பதில் வரும் நேரம். தீர்வு வரும் நேரமல்ல. தீர்வுக்கு நேரம் குறிக்கும்படி கேட்டால் ‘கம்பெனி பாலிசியில் இடமில்லை’ என்பார்கள். புரொடக்‌ஷன் சர்வர் நின்றுபோய் மிக அவசரம் என்று டிக்கெட் போட்டால், முதல் கட்டத்தில் இருப்பவர் லாக் ஃபைல் கேட்பார். அனுப்புவோம். ஷிஃப்ட் மாறும். அடுத்து வருபவர் அதே லாக் ஃபைலை மறுபடி கேட்பார். லேட்டஸ்ட் பேட்ச் போட்டிருக்கிறீர்களா என்பார். நிலைமையைப் புரிந்துகொள்ளக்கூடிய பொறியாளரிடம் விஷயம் போய்ச் சேருவதற்குள் நம் குடோனில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு வெண்டரின் சேமிப்புச் சாதனம் பழுதானபோது, ஏ.எம்.சி. நடப்பில் இருந்தும், மாற்று உதிரிப்பாகம் வேறு மாநிலத்துக் கிடங்கில் இருப்பதாகச் சொல்லி எங்களைக் காக்கவைத்தார்கள். நான்கு மணி நேரத்தில் பாகம் வந்துசேரும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். அந்தக் காத்திருப்புக்கு அவர்கள் கொடுத்தது, அடுத்த ரினியூவலில் ஒரு சிறு தள்ளுபடி. இதையெல்லாம் நிர்வாகத்திடம் சொன்னால் ‘நீங்கள் ஃபாலோ-அப் செய்திருக்க வேண்டும்’ என்பார்கள்.

முதல் கட்டத்தில் டிக்கெட்டைப் பிடிக்கும் இளைஞர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு கேள்விப் பட்டியலும், ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட்டை மூட வேண்டும் என்ற இலக்கும்தான். டெமோ காட்டவந்த திறமையான பொறியாளரை, பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே அடுத்த வாடிக்கையாளரிடம் அனுப்பிவிடும் வியாபார முறையைத்தான் குற்றம் சொல்கிறேன். நாம் வாங்கியது யாருடைய அறிவை நம்பியோ அவர் நம் வேலையைத் தொடவே மாட்டார்.

எதிர்த் தரப்பின் வாதங்களில் ஒன்றுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். பெரிய திட்டங்கள் தோற்பதற்கு வாடிக்கையாளரின் பிடிவாதமும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஜெர்மனியின் லிடில் சில்லறை விற்பனை நிறுவனம் 2011இல் எஸ்.ஏ.பி. மென்பொருளை அடிப்படையாக வைத்துத் தொடங்கிய திட்டத்தைச் சுமார் 50 கோடி யூரோ செலவழித்தபின் 2018இல் கைவிட்டது. லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் கணக்கிடுவது வழக்கம். மென்பொருளின் இயல்பான முறையோ விற்பனை விலையில் கணக்கிடுவது. தன் வழக்கத்தை மாற்ற லிடில் சம்மதிக்கவில்லை, மென்பொருளைத்தான் வளைத்தார்கள். பிர்மிங்ஹாம் நகராட்சியும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறியபோது தன் பழைய நடைமுறைகளுக்கு ஏற்ப அதை மாற்றியமைக்கப் போனது. சுமார் 2 கோடி பவுண்டில் முடிய வேண்டிய திட்டத்தின் செலவு 10 கோடி பவுண்டு வரை போகலாம் என்ற நிலை வந்தது. 2023 செப்டம்பரில் அந்த நகராட்சி தன் நிதி நிலைமை கைமீறிவிட்டதாக அறிவித்ததற்கு முதன்மைக் காரணம் சம ஊதிய வழக்குகளின் சுமை. ஆனால் ஆரக்கிள் செலவும் அந்தச் சுமையில் சேர்ந்தே இருந்தது.

வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று ஒப்புக்கொண்டாலும் எதிர்த் தரப்பின் முடிவு அதிலிருந்து வருவதில்லை. லிடில் சரக்கை எப்படிக் கணக்கிடுகிறது என்பது முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். ‘உங்கள் முறைக்கு எங்கள் மென்பொருள் பொருந்தாது’ என்று அந்த வேலையில் காசு பார்த்த யாராவது ஒருவர் உரத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? மாற்றியமைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் வாங்குகிறவருக்கு அதைச் சொல்ல என்ன ஊக்கம் இருக்கிறது? வாடிக்கையாளரின் தவறு வெண்டருக்கு வருமானமாக இருக்கும்வரை, அந்தத் தவறைத் தடுக்கும் பொறுப்பை வெண்டரிடம் ஒப்படைப்பது அறிவீனம். வாங்கும் இடத்திலேயே விவரம் தெரிந்தவர்கள் வேண்டும் என்ற என் வாதத்துக்குத்தான் இந்த இரண்டு கதைகளும் வலு சேர்க்கின்றன.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், உயிர் போனால் முடியாது. வெண்டர் சொல்வதே உண்மை, பயன்படுத்துபவர் சொல்வது சாக்கு என்ற மனப்பான்மை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பிரிட்டன் அஞ்சல் துறையில் பார்த்தோம். ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் 1999 முதல் அந்நாட்டின் துணை அஞ்சலகங்களில் புகுத்தப்பட்டது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. அஞ்சலகத்தை நடத்தியவர்கள் ‘நாங்கள் எடுக்கவில்லை, கணினியில் ஏதோ பிழை இருக்கிறது’ என்று கதறினார்கள். உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கைத் தொட முடியாது என்றும் சொல்லப்பட்டது. தொட முடிந்தது என்பது பின்னாளில் நிரூபணமானது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்குக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். சிறை சென்றவர்கள் உண்டு, வீட்டை இழந்தவர்கள் உண்டு. குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று பொது விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் சொன்னது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில்தான் தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

தமிழர்களும் பிற தெற்காசிய வம்சாவளியினரும் கடை நடத்துவதும், கடைக்குள்ளேயே அஞ்சலகம் வைத்திருப்பதும் அந்த நாட்டில் சாதாரணம். அதனால் இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. அந்த 900 பேரும் செய்த குற்றம், பெரிய நிறுவனத்தின் மென்பொருள்மேல் குறை சொன்னது. அவர்கள் சொன்னதைப் புகாராகப் பதிவுசெய்து, நடுநிலையான பொறியாளர் ஒருவரைக் கொண்டு முதல் ஆண்டிலேயே சோதித்திருந்தால் இத்தனை குடும்பங்கள் அழிந்திருக்காது.

விலை விஷயத்திலும் வாங்கியவரின் நிலை இதுதான். பெரிய நிறுவனம் நிலையாக இருக்கும், அதனால் விலையும் நிலையாக இருக்கும் என்று நம்பி விஎம்வேர் மென்பொருள்மேல் தங்கள் தரவு மையங்களையே கட்டிய நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு. 2023 நவம்பர் 22 அன்று அதை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தா மட்டும். ஏடி அண்ட் டி போன்ற பெரும் நிறுவனமே 2024இல் நீதிமன்றம் போனது. தன்னிடம் பத்து மடங்குக்கும் மேல் விலை கேட்கப்பட்டதாகச் சொன்னது. ஆரக்கிள் 2023 ஜனவரியில் ஜாவா சந்தாவுக்குப் புது முறை கொண்டுவந்தது. ஜாவாவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு போய், நிறுவனத்தில் மொத்தம் எத்தனை ஊழியர்கள் என்ற கணக்கு வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவாக இருந்தால் பட்டியல் விலை தலைக்கு மாதம் 15 டாலர். 500 பேர் வேலை செய்யும் ஆலையில் மூன்று கணினிகளில் மட்டும் அந்தச் சந்தா தேவைப்பட்டாலும், தறி ஓட்டுபவரையும் காவலாளியையும் சேர்த்து எண்ணி ஆண்டுக்கு 90,000 டாலர். வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்கு வெளியேறும் வழி இல்லை, அவ்வளவுதான்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ள முடியுமா?’ என்பது கடைசியாக வரும் கேள்வி. முடியாது. நான் அதைக் கேட்கவும் இல்லை. வீடு கட்டக் கொத்தனாரை வைக்கிறோம். ஆனால் கான்கிரீட் போடும் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார். அந்த நிற்றலைத்தான் கேட்கிறேன். ஆதார் திட்டம் தொடங்கிய காலத்தில் ஒருவர் இரண்டுமுறை பதிவதைக் கண்டுபிடிக்கும் கைரேகை, கருவிழி ஒப்பீட்டு வேலையை ஆதார் ஆணையம் ஒரே நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. மூன்று நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுத்தது. விரைவாகவும் சரியாகவும் செய்பவருக்குக் கூடுதல் வேலை என்று வைத்தது. மூன்றுமே வெளி நிறுவனங்கள்தான். ஆனால் யார் எப்படி வேலை செய்கிறார் என்று அளக்கும் அறிவும், வேலையை மாற்றிக் கொடுக்கும் அதிகாரமும் ஆணையத்திடம் இருந்தன. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருள் அடிப்படையிலான இயங்குதளத்தைத் தானே தொகுத்துக் கொடுக்கிறது. ஆசிரியர்களையும் அதில் பயிற்றுவிக்கிறது. ஆள் பலமும் மனமும் இருந்தால் பொதுத் துறையிலேயே இது நடக்கும்.

ரிசர்வ் வங்கியும் இந்த முடிவுக்கு வந்துவிட்டது. கணினிச் சேவைகளை வெளியே கொடுப்பது பற்றி 2023 ஏப்ரலில் அது வெளியிட்டு அக்டோபரில் அமலுக்கு வந்த நெறிமுறைகள், வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்று தெளிவாகச் சொல்கின்றன. வெளியேறும் திட்டம் கையில் இருக்க வேண்டும் என்கின்றன. ஏன் இது தேவை என்பதற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற சேவை நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. டி.சி.எஸ்.சும் ஸ்டேட் வங்கியும் கூட்டாக உருவாக்கிய நிறுவனம் அது. இதைவிடப் பெரிய பெயர்கள் இந்நாட்டில் இல்லை. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அதைத் தன் வலைப்பின்னலிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்ததில் சுமார் 300 கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் பணப் பரிமாற்றம் செய்ய முடியாமல் நின்றன. அந்த வங்கிகளின் கவுன்ட்டரில் நின்ற விவசாயிக்கு சி-எட்ஜ் என்ற பெயரே தெரியாது. அவர் கேள்வி கேட்டது எதிரே உட்கார்ந்திருந்த வங்கி ஊழியரிடம்.

முதலாளிகளிடமும் நிர்வாக இயக்குநர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த ரினியூவல் காகிதம் உங்கள் மேசைக்கு வரும்போது, அதை முதலில் உங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுங்கள். இழப்பீட்டு வரம்பு எவ்வளவு, தீர்வுக்கு நேரக்கெடு உண்டா, அப்டேட்டை எப்போது ஏற்றுவது என்று தீர்மானிப்பது யார், விலகினால் தரவு எந்த வடிவில் கைக்கு வரும் என்ற கேள்விகளுக்கு அவர் எழுத்தில் பதில் எழுதட்டும். பேக்கப்பிலிருந்து முழுதாக மீட்டெடுத்துக் காட்டும் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் முன்னிலையில் அவர் செய்யட்டும். வாங்க வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தால், அதைப் படித்த பிறகும் வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் அவர் எழுதிய காகிதத்தைக் கிழித்துவிடாமல், ஒப்பந்தம் இருக்கும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.